பேக்கரி வாசலில் வேலு அண்ணன் சொன்னது

அக்கா,

மேல் லயத்துக் கூரைகளுக்குப் புதுத் தகரம் வந்திருக்கிறது. லொறியிலிருந்து இறக்கித் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறார்கள். காலையில் வெயில் ஏறியதும் அதிலிருந்து ஒரு வாடை கிளம்பி என் காம்பரா வாசல் வரைக்கும் வந்தது. நம் லயத்தை எரித்த பிறகும் இப்படித்தான் புதுத் தகரம் கொண்டுவந்து போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் அதன் மேல் காறித் துப்பினீர்கள். "ஆளக் கொன்னுட்டு கூரை குடுக்குறானுங்களாம், கூரை" என்றீர்கள். கங்காணி காதில் விழாத மாதிரி நடந்துபோனார்.

இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன். செத்தவளுக்கு எழுதுகிற பைத்தியம் என்று பார்க்கிறவர்கள் சொன்னால் சொல்லட்டும். போன கிழமை டவுனிலிருந்து ஒரு சிங்கள அம்மா பஸ் ஏறி வந்து, வேலு அண்ணனின் ஆட்கள் யாராவது இந்தத் தோட்டத்தில் இருக்கிறார்களா என்று விசாரித்தாள். என்னிடம் கூட்டிக்கொண்டு வந்து விட்டார்கள். அவள் சொன்னதை உங்களிடம் நான் சொல்லியாக வேண்டும். அதை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போக மனம் வரவில்லை. "கத சொன்னா கை கால் தலையோட சொல்லுடி, முண்டமா சொல்லாத" என்று நீங்கள்தானே என்னை வைவீர்கள். அதனால் முதலிலிருந்து வருகிறேன்.

நீங்கள் பிள்ளைக்காம்பரா பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. தாய்மார் கொழுந்துக்கு மலை ஏறியதும் அவர்களுடைய கைக்குழந்தைகள் எல்லாம் உங்கள் பொறுப்பு. நான் பக்கத்துக் காம்பரா. பரீட்சை எழுதிவிட்டுச் சும்மா இருந்தவளை இழுத்துவைத்துத் தொட்டில் ஆட்ட விட்டீர்கள். உங்களுக்குப் பிள்ளை இல்லை. "எனக்கா புள்ள இல்ல? எண்ணிப் பாரு, தொட்டிலு பத்தாம கெடக்கு" என்று சிரிப்பீர்கள். சிங்களம் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சந்தையில் மரக்கறி விற்ற அப்பாவோடு வளர்ந்தவர் நீங்கள். சிங்களத்தில் நீங்கள் திட்டினால் டவுன் கண்டக்டர்மார்கூட மிச்சக்காசை ஒழுங்காகக் கொடுத்துவிடுவார்கள்.

உங்கள் வீட்டுக்காரர் வேலு அண்ணன் சிங்களத்தில் உங்களுக்கும் மேல். ஃபேக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் டவுன் மைதானத்தில் சிங்களப் பொடியன்மாரோடு வொலிபோல். வெயிலில் கருத்து, வேர்த்து, யாராவது ஒருத்தனின் தோளில் கை போட்டுக்கொண்டு பஸ் ஸ்டேண்ட் வரைக்கும் வருவார். பாசை தெரிந்தவனுக்கு இந்த நாட்டில் என்ன பயம் என்பது அவருடைய பேச்சு. நாங்களும் அதைத்தான் நம்பினோம். கொழும்புப் பக்கம் எரிந்த கதையெல்லாம் கேள்விப்பட்டால்கூட, அங்கே உள்ள நம் ஆட்களுக்குச் சிங்களம் சரியாக வராது, அதனால்தான் என்று சொல்லிக்கொள்வோம். என்ன முட்டாள்தனம்! நல்ல சிங்களம் பேசினால் கத்தி விலகிப் போகும் என்று இந்தப் பக்கத்துத் தமிழனைத் தவிர வேறு யார் நினைப்பான்?

ஒரு நாள் கீழ் ஆற்றோரம் சிங்களக் கிராமத்து ஆள் ஒருத்தரின் பிரேதம் கிடந்தது. யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. தோட்டத்து எல்லையில் கிடந்தது, அது போதுமாக இருந்தது. மத்தியானத்துக்குள் டவுனில் கடைகளைச் சாத்திவிட்டார்கள் என்றும், ஆட்கள் பெட்ரோல் கான்களோடு சேருகிறார்கள் என்றும் அந்த நேரத்து பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். நீங்கள் அண்ணனைப் பார்த்து, "நீங்க போயி பொலீஸ்ல சொல்லுங்க. உங்க கூட்டாளிங்கதானே எல்லாம், கேப்பாங்க" என்றீர்கள். நான் உங்கள் காம்பரா வாசலில்தான் நின்றேன். அவர் முகம் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, தலையைக் கூடச் சீவிக்கொண்டு இறங்கினார்.

அவர் திரும்பி வருவதற்குள் கூச்சல் மேலே வந்துவிட்டது. வேலை இல்லாதவர்கள், கிழடுகள், பிள்ளைகள், மலையிலிருந்து ஓடிவந்த பெண்கள் என்று எல்லோரும் லயத்துக்கு மேலே இருந்த தேயிலைக்குள் பாய்ந்தோம். கவ்வாத்து வெட்ட வேண்டிய மலை, செடி தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. சேற்றில் குப்புறப் படுத்தோம். உங்கள் மார்புக்கடியில் ஒரு கைக்குழந்தை. அது வீறிடப் பார்த்தது. நீங்கள் உள்ளங்கையால் அதன் வாயை மூடினீர்கள். முளைத்து வந்த பல்லால் அது உங்கள் கையைக் கடித்து இரத்தம் வந்தது. கையை நீங்கள் எடுக்கவில்லை.

கண்ணுக்கு முன்னால் எரித்தார்கள் அக்கா. கதவுகளைக் கோடாலியால் பிளந்தார்கள். கோயில் அம்மனைக் கயிறு கட்டி இழுத்து வந்து படியில் போட்டு உடைத்தார்கள். கட்டிப் போட்டிருந்த ஆடு எரிந்து கத்திய சத்தம் இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை. நடக்க முடியாமல் கட்டிலில் கிடந்த கிழவர் ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓட மறந்துவிட்டோம். அவர் உள்ளே இருந்து தன் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். மகன் என் பக்கத்தில் படுத்திருந்தான். அவன் எழும்பப் பார்த்தபோது அவன் முதுகில் இரண்டு பேர் ஏறிப் படுத்துக்கொண்டோம், அதில் நானும் ஒருத்தி. கூரை விழுந்ததும் கிழவரின் குரல் நின்றது.

பிறகு அவர்கள் தேயிலை ஓரத்துக்கு வந்தார்கள். ஒருத்தன் கத்தியால் முன்வரிசைச் செடிகளைச் சும்மா வெட்டிக்கொண்டே நின்றான். இன்னும் கொஞ்சம் உள்ளே வந்தால் என் தலையில் காலை வைத்திருப்பான். இங்கே ஒருத்தரும் இல்லை, வாங்க போவோம் என்று சிங்களத்தில் யாரோ ஒருத்தன் சொன்னான். போய்விட்டார்கள். தோட்டத்து ஆள் தேயிலைக்குள்தான் ஒளிவான் என்று இந்தப் பக்கம் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஏன் தேடவில்லை என்று பல காலம் நாங்கள் பேசிக்கொண்டோம். அம்மன் கண்ணை மறைத்தாள் என்றார்கள். தன்னையே காப்பாற்றிக்கொள்ள முடியாமல் படியில் உடைந்து கிடந்தவள் அவர்கள் கண்ணையா மறைத்தாள்? நான் அதை நம்பவில்லை, ஆனால் வேறு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

வேலு அண்ணன் பொலீஸ் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை. அதற்கு முந்திய வளைவில், பேக்கரி வாசலில் வெட்டிப் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையை வைத்துத்தான் நீங்கள் அடையாளம் சொன்னீர்கள். முகத்தில் அடையாளம் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்கவில்லை. பொலீஸ் ஜீப் முன்னாலும் பின்னாலும் வர, லயத்துக்குக்கூடக் கொண்டுவர விடாமல் நேரே குழிக்குக் கொண்டுபோனார்கள். தப்பு மேளம் அடிக்கக் கூடாது, ஆட்கள் கிளம்புவார்கள் என்றார் இன்ஸ்பெக்டர்.

தப்பு இல்லாமல் ஒரு சாவு! கேட்க நாதியற்றவன் செத்தாலும் லயத்திலிருந்து குழி வரைக்கும் தப்பு அடித்துப் போகிற இடம் இது. காலையில் ஆளை எழுப்ப ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவு அடி கேட்டால் மலைக்கு மலை வேலையை நிறுத்தி, யார் போனது என்று கேட்பார்கள். அண்ணனுக்கு அது இல்லை. பொலீஸ் மட்டும் அதற்குக் காரணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தப்புக்காரர்களில் மூத்தவர் மாணிக்கம் மாமா, அண்ணன் இறங்கிப் போன பிறகு வந்த கடைசி பஸ்ஸில் வந்தவர். பேக்கரி வளைவைக் கடக்கும்போது, கும்பலுக்கு நடுவில் வேலு அண்ணன் கையை நீட்டி எதையோ காட்டிக்கொண்டு நின்றதை அவர் கண்டிருந்தார். அதைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வேலுதான் வழி காட்டினான், அதனால்தான் நேரே நம் லயத்துக்கு வந்தார்கள் என்றார்கள். உயிருக்குப் பயந்து காலில் விழுந்து, காட்டிக்கொடுத்தும் தப்பவில்லை என்றார்கள். பீலியில் நீங்கள் குடம் வைத்தால் பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

நீங்கள் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. எனக்குத்தான் ஆத்திரம். நான் பீலியில் ஒருத்தியின் கொண்டையைப் பிடித்தேன், அது ஒரு கதை. நீங்கள் என்னிடம் தனியாக ஒரே ஒரு தடவை சொன்னீர்கள்: "அவரு அப்படிப்பட்டவரு இல்லடி. எனக்குத் தெரியும். ஆனா நான்தானே அனுப்புனேன். கடேசியில என்ன சொன்னாரு, என்ன கேட்டாருன்னு ஒரே ஒருத்தர் வந்து சொன்னா போதும். நான் செத்துருவேன் நிம்மதியா."

பல வருசம் போய், வடக்கில் சண்டை நின்ற சமாதான காலம் வந்தது. எனக்கு டவுன் லைப்ரரியில் தமிழ் புத்தகங்களைப் பார்க்கிற வேலை கிடைத்திருந்தது. டவுன் உண்டான நாளைக் கொண்டாடப் போகிறோம், பழைய ஆட்களின் ஞாபகங்களைச் சேர்த்து ஒரு மலர் போடுவோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். தோட்டப் பகுதியும் டவுனும் ஒன்றுதானே, தமிழ் ஆட்களிடமும் எழுதி வாங்குங்கள், சந்தோசமான ஞாபகங்களாகப் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். நான் உங்களிடம் வந்து சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நானும் வாறேன்" என்றீர்கள். ஏன் வருகிறீர்கள் என்று எனக்கு அன்றைக்கே விளங்கியது.

ஊர் ஊராக நடந்தோம். லயத்து ஆட்களுக்கு வருசம் தெரியாது. எந்தத் துரை காலம், எந்த மலை கவ்வாத்து வெட்டின காலம் என்றுதான் கணக்கு. பெல்மதுளையிலிருந்து நடந்து வந்து படம் பார்த்த கதை, வெள்ளத்தில் பாலம் போன கதை, சந்தையில் பாம்பு புகுந்த கதை என்று சொல்லிக்கொண்டே வருவார்கள். எல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் குரலை இறக்கி எரிந்த நாளுக்கு வருவார்கள். சந்தோசமான ஞாபகம் கேட்கப் போய் வீட்டுக்கு வீடு சாம்பல் அள்ளிக்கொண்டு வந்தோம். டவுனில் சிங்கள ஆட்களிடம் நீங்கள் பேசினீர்கள். கடைசியில் தவறாமல் அந்தக் கேள்வியைக் கேட்டீர்கள். அந்த நாளில் பேக்கரி வாசலில் என்ன நடந்தது, கண்டீர்களா? சலூன்காரர் கடையைச் சாத்தியிருந்தேன் என்றார். ஹாட்வெயார் கடை நானா, "ராத்தா, அத மட்டும் கேக்காதீங்க" என்று கையைப் பிடித்து அழுதார். பேக்கரி அம்மாவிடமும் போனோம். கதவு சாத்தியிருந்தது, காணவில்லை என்று சொல்லிவிட்டு, பாண் ரொட்டிகளை எடுத்துத் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொண்டே நின்றாள்.

அதற்குப் பிறகுதான் லொறி முதலாளி. அண்ணனை வெட்டினவர்களில் அவன் ஒருத்தன் என்று டவுனே அறியும், வழக்கு மட்டும் கிடையாது. கொண்டாட்டக் கமிட்டியில் அவன் பெரிய ஆள். அவனிடம் போக வேண்டாம் என்று உங்கள் காலைக் கட்டிக்கொள்ளாத குறையாகச் சொன்னேன். கேட்டீர்களா? சாய்வு நாற்காலியில் கிடந்துகொண்டு, முதல் லொறி வாங்கிய கதையைச் சொன்னான். நீங்கள் ஒரு பெரிய வீட்டு நோனா மாதிரித் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள். கடைசியில் அந்தக் கேள்வி. அவன் உங்களை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தான். நீங்கள் யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தன் கால் இரண்டையும் முன்னால் நீட்டினான். இந்தக் காலைத்தான் பிடித்தான், இப்படி, இப்படி என்று தன் கணுக்காலைத் தானே பிடித்து ஆட்டிக் காட்டினான். லயத்தைக் காட்டுகிறேன், என்னை விட்டுவிடுங்கள் என்று நாய் மாதிரி அழுதான் என்றான். அவன் மனைவி தேத்தண்ணீர்த் தட்டோடு கதவில் நின்றவள் அப்படியே உள்ளே திரும்பிப் போனாள்.

நீங்கள் எழும்பி, "ஸ்தூத்தி மாத்தயா" என்றீர்கள். நன்றியாம் அவனுக்கு! வெளியே வந்து ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் வாந்தி எடுத்தீர்கள். நான் முதுகைத் தடவினேன். என் கையைத் தட்டிவிட்டு, "பொய்யி. மூஞ்சியப் பாத்தேன். பொய்யி சொல்றான்" என்றீர்கள். அன்றைக்கு உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் நான் அவன் பரம்பரையையே சபித்துவிட்டேன். நாசமாய்ப் போனவன், இன்றைக்கும் குத்துக்கல்லாக இருக்கிறான்.

மலர் அச்சாகி வந்தது. வேலு அண்ணனைப் பற்றி நீங்கள் சொல்லி நான் எழுதியதை எடுத்துக்கொண்டிருந்தார்கள். டவுன் பொடியன்மாரோடு அவர் வொலிபோல் ஆடியது, ஒருத்தனுக்குக் கால் சுளுக்கியபோது முதுகில் சுமந்து ஆஸ்பத்திரிக்குப் போனது, எல்லாம் அழகாக வந்திருந்தது. அதோடு நிறுத்திவிட்டார்கள். வாசிக்கிறவன் அவர் இன்னமும் எங்கேயோ பந்து அடித்துக்கொண்டிருக்கிறார் என்றுதான் நினைப்பான். நான் லைப்ரரியில் பெரியவர்களிடம் போய்க் கத்தினேன். நல்ல நாளில் ஏன் மகள் பழசைக் கிளறுகிறாய் என்றார்கள். நிறை குறைந்தால் கொழுந்து எடுத்தவளுக்கு அரைப்பேர் என்று அரைநாள் சம்பளம் மட்டும் போடுவார்களே, அதை வைத்து நீங்கள் சொன்னீர்கள், "எம் புருசனுக்கு அரப்பேரு போட்டுட்டானுங்கடி" என்று.

கொண்டாட்ட ஊர்வலத்துக்குத் தோட்டத்துக் கலாசாரமும் வேண்டும், தப்புக்காரர்களை அனுப்புங்கள் என்று கேட்டிருந்தார்கள். யானை, கண்டிய நடனம், பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் நம் தப்பு. நீங்கள் மாணிக்கம் மாமாவின் காம்பராவுக்குப் போனீர்கள். அங்கே போனது அண்ணன் செத்த பிறகு அதுதான் முதல் தடவை. திருவிழா அடி வேண்டாம், பேக்கரி வளைவில் சாவு அடி அடியுங்கள் என்று கேட்டீர்கள். நான் கண்ணால் கண்டதைத்தானே சொன்னேன் என்று மாமா இழுத்தார்.

"நீங்க கண்டது கைய, மாமா. வாயி என்ன சொல்லிச்சுன்னு கேட்டீங்களா?" என்றீர்கள். "செத்தவன் நல்லவனா கெட்டவனான்னு பாத்தா அடிக்கிறது? சாவுன்னா அடிக்கணும். அது ஒங்க கடன்."

டவுன்காரனுக்கு எந்த அடி என்ன அடி என்று தெரியவா போகிறது என்று நாம் நினைத்தோம். அந்த நினைப்புத்தான் நம்மை அழித்தது. மலைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவன், மேலே ஆள் சாகும்போதெல்லாம் அந்த அடியைக் காற்றில் கேட்டுத்தானே வளர்ந்திருப்பான்? நமக்கு அவர்கள் பாசை தெரியும் என்று பெருமைப்பட்டோம். அவர்களுக்கு நம் சாவு தெரியும் என்று யோசிக்கவில்லை.

ஊர்வலம் வளைவுக்கு வந்தது. மாணிக்கம் மாமா கையை உயர்த்தினார். தப்பு மாறியது. நீங்கள் முந்தானையை இழுத்துச் செருகி, கூட்டத்துக்கு முன்னால் போய், பேக்கரி வாசல் தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டீர்கள். வெளியூரிலிருந்து வந்தவர்கள் அதுவும் ஆட்டம் என்று நினைத்துக் கைதட்டினார்கள், படம் பிடித்தார்கள். உள்ளூர்க் கிழவர்கள் சிலர் தொப்பியைக் கழற்றினார்கள். மேடையில் இருந்த லொறி முதலாளி எழும்பி நின்றுவிட்டான். அவன் முகத்தில் இரத்தம் இல்லை. நான் அன்றைக்கு அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

பஸ் ஸ்டேண்டில் வைத்து அடித்தார்கள். முதலாளியின் லொறிப் பொடியன்மார், கையில் இரும்பு. தப்பெல்லாம் மிதித்து உடைத்தார்கள். மாணிக்கம் மாமாவின் வலது கையைப் படிக்கட்டில் வைத்து அடித்து நொறுக்கினார்கள். என் மணிக்கட்டு முறிந்தது. நீங்கள் ஓடியிருக்கலாம் அக்கா, பஸ் கதவு திறந்துதான் இருந்தது. நீங்கள் திரும்பி வந்து, மாமாவை அடித்தவனை அவன் தாய் பேர் சொல்லித் திட்டினீர்கள். பின்னாலிருந்து இன்னொருத்தன் உங்கள் தலையில் இரும்பை இறக்கினான். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் உங்கள் தலை என் மடியில் இருந்தது. நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. குடித்துவிட்டு நடந்த சண்டை என்று பொலீஸ் எழுதிக்கொண்டது. உங்களுக்கு அடிக்கத் தோட்டத்தில் ஒரு முழுத் தப்பு இருக்கவில்லை. பெண்கள் குழி வரைக்கும் வந்து வாயாலேயே அடித்தோம்.

இப்போது வடக்குச் சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். டவுனில் வெடி கொளுத்தி, பாற்சோறு கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பேக்கரி அம்மா மேலே ஏறி வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு வந்து தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். அவளுடைய மகன் ஆமியில் இருந்தவன். கடைசிச் சண்டையில் போய்விட்டான். பெட்டியைத் திறக்க விடவில்லை. எப்படிச் செத்தான், கடைசியில் என்ன சொன்னான் என்று முகாம் முகாமாகப் போய்க் கேட்டிருக்கிறாள். ஒருத்தரும் சொல்லவில்லை. அன்றைக்கு உன் அக்கா என் கடை வாசலில் நின்று கேட்டது ஒவ்வொரு நாளும் ஞாபகம் வருகிறது என்றாள். கண்டாயா என்று உன் அக்கா கேட்டாள், நான் காணவில்லைதான், ஆனால் பலகைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று எல்லாம் கேட்டேன் என்றாள்.

கும்பலில் இருந்தவர்கள் அண்ணனைப் பிடித்து வைத்துக் கேட்டிருக்கிறார்கள். லயத்து ஆட்கள் எங்கே ஒளிந்திருக்கிறார்கள், தேயிலைக்குள்ளா? அவர் சிரித்த மாதிரி குரலில் சொன்னாராம்: லயத்தில் ஒருத்தரும் இல்லை, தேயிலையிலும் இல்லை, விடியற்காலையே எல்லோரையும் தோட்டத்து லொறியில் ஏற்றி இரத்தினபுரிக்கு அனுப்பியாகிவிட்டது, நான்தான் ஏற்றினேன், அதோ அந்த ரோட்டால்தான் போனார்கள். அதோ என்று சொன்னபோதுதான் கை நீட்டியிருப்பார். பொய் என்று ஒருத்தன் அடித்தான். திரும்பவும் அதையே சொன்னார். ஒவ்வொரு அடிக்கும் அதையே சொன்னார். பிறகு கத்தியால் வெட்டினார்கள். அப்போதும் லொறியில் போய்விட்டார்கள் என்றுதான் சொல்லிக்கொண்டு விழுந்தாராம். அவர்கள் நம்பிக்கொண்டு, அப்போ காலி லயத்தை எரிப்போம் என்று போனார்கள்.

அவர்கள் போன பிறகும் உயிர் இருந்திருக்கிறது. கதவைத் தட்டி, "அக்கே, வத்துர டிக்கக்" என்று தண்ணீர் கேட்டார். இவள் கதவைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் தட்டினார், பிறகு நின்றுவிட்டது என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை ஓங்கிவிட்டது அக்கா. அவள் விலகவில்லை. அடி வாங்கத்தான் வந்திருக்கிறாள் போல. நான் கையை இறக்கினேன். மன்னித்தேன் என்று நினைக்காதீர்கள். தண்ணீரை முதலிலேயே கொடுத்துவிட்டேன், இதைக் கேட்ட பிறகு என்றால் கொடுத்திருப்பேனா, தெரியாது.

அவளை பஸ் ஏற்றிவிட்டு மாணிக்கம் மாமாவிடம் ஓடினேன். கோணிப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு எழும்பி ஒவ்வொரு காம்பரா வாசலாகப் போய் நின்று, "நான் கண்டது நெசம். நெனச்சது பொய்யி. வேலு நம்மள காட்டிக் குடுக்கல. ஒளிச்சு வச்சான்" என்று சொன்னார். நானும் பின்னால் போனேன். உங்கள் கையைக் கடித்த அந்தக் குழந்தையின் தாய், மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதையெல்லாம் கேட்டிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதாடி எம் புருசன என்பீர்கள். இல்லை அக்கா, உங்களுக்குத் தெரியாது. நீங்கள் நம்பினீர்கள், அவ்வளவுதான். நான் அனுப்பித்தானே செத்தார் என்று உள்ளே வெந்துகொண்டே நம்பினீர்கள். நீங்கள் அனுப்பிய ஆள் போய் நின்றதால் நாங்கள் அத்தனை பேரும் அந்தச் சேற்றில் உயிரோடு கிடந்தோம். இது இப்போது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். கேட்க வேண்டியவர் நீங்கள் ஒருத்திதான். உங்களிடம் கொடுக்க முடியாத இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், சொல்லுங்கள்?